மூக்கு உயர்த்திய கார்கள்

1959ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் நடந்த தேசிய டிராக் பந்தயத்துக்கு வந்த ஒரு காரின் புகைப்படத்தை முதன்முதலாகப் பார்க்கிற எவருக்கும் சிரிப்பு வரும். அது 1949ஆம் வருடத்திய பிளிமத் கூபே. ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்ட, உருண்டை முதுகுடைய, அழகென்று எதையும் சொல்ல முடியாத வண்டி. அதன் உடல் சக்கரங்களை விட்டு விலகி உயரத்தில் நிற்கிறது. ஆற்றில் இறங்கிய ஒருவர் வேட்டியைத் தொடை வரை தூக்கிப் பிடித்திருப்பதைப் போல. எஞ்சினுக்கு மேலே காற்றுக் குழாய்கள் ஒரு பீடமாக எழும்பியிருக்கின்றன. புகைக் குழாய்கள் நாதஸ்வரத்தின் வாய் போல விரிந்திருக்கின்றன. காருக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹை அண்ட் மைட்டி'. உயரமும் வல்லமையும்.

அதைச் செய்தவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் அல்லர். கிரைஸ்லர் நிறுவனத்தின் இளம் பொறியாளர்கள். பகலில் அலுவலகத்தில் கணக்குப் போட்டுவிட்டு, மாலையில் தங்கள் சொந்தக் காசில் இந்த வண்டியைச் செய்தார்கள். 'ராம்சார்ஜர்ஸ்' என்று தங்கள் குழுவுக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான டாம் ஹூவர் பௌதிகம் கற்றவர். பின்னாளில் கிரைஸ்லரின் புகழ்பெற்ற 426 ஹெமி எஞ்சினுக்குத் தந்தை என்று அழைக்கப்பட்டவர். இத்தகைய மனிதர்கள் ஒரு காரைத் தூக்கி நிறுத்தினார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். பந்தயக் கார் என்றால் தரையோடு தரையாகப் படுத்திருக்க வேண்டும் என்பதுதானே நம் மனதில் இருக்கிற சித்திரம்? இவர்கள் ஏன் எதிர்த்திசையில் போனார்கள்? அந்தக் காரணம் எப்போது, எதனால் காரணமாக இல்லாமல் போயிற்று? இந்தக் கேள்விகளைத் தொடர்ந்து போனபோது எனக்குக் கிடைத்ததுதான் கீழே வரும் வரலாறு.

டிராக் பந்தயம் பந்தயங்களிலேயே மிக எளிமையானது. இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் கால் மைல், அதாவது 1320 அடி, ஓட வேண்டும். முதலில் போய்ச் சேர்ந்தவர் வென்றார். வளைவு கிடையாது, முந்துதல் நுட்பம் கிடையாது. தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் முப்பதுகளில் வேகம் பார்த்த இளைஞர்களிடமிருந்து இது பிறந்தது. போருக்குப் பிறகு, 1950இல் சாண்டா ஆனா விமான ஓடுபாதையில் காசு வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். 1951இல் வாலி பார்க்ஸ் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனை நிறுவினார். 1955இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் ஊரில் முதல் தேசியப் பந்தயம் நடந்தது. போர் முடிந்து கைவிடப்பட்ட விமானத் தளங்கள் அமெரிக்கா முழுவதும் இப்பந்தயத்துக்கு இடம் கொடுத்தன. (நம் சோழவரமும் போர்க்கால ஓடுபாதைதான் என்பது சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். அங்கே நடந்தது வேறு வகைப் பந்தயம்.)

எளிமையானது என்றேன். ஆனால் இதன் சிக்கல் முழுவதும் முதல் 60 அடியில் ஒளிந்திருக்கிறது. எஞ்சினின் வலிமையைக் கூட்டுவது கடினமில்லை. பணமும் பொறுமையும் இருந்தால் போதும். அந்த வலிமையைத் தரையிடம் ஒப்படைப்பதுதான் கடினம். ரப்பர் வழுக்கினால் எத்தனை குதிரைச் சக்தி இருந்தும் அது புகையாகப் போகும். முதல் 60 அடியில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கைச் சேமித்தால் கால் மைல் முடிவில் அது ஒன்றரை மடங்காகவோ இரு மடங்காகவோ பெருகி நிற்கும் என்பது பந்தயக்காரர்களின் கைக்கணக்கு. ஆகவே இப்பந்தயத்தின் உண்மையான வரலாற்றை எஞ்சின்களில் தேடுவதை விட வண்டியின் அடிவயிற்றில், ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் ஆக்சிலும் இருக்கிற இருட்டில் தேடுவது பொருத்தம். அந்த இடத்தைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. எஞ்சினைப் போல அது சத்தம் போடுவதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை விளக்க வேண்டியதில்லை. மூட்டைகளை வண்டியின் பின்பக்கம் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை விட்டு மேலே எழும். முன்னால் அதிகமானால் மாடுகள் கழுத்து வலியில் தவிக்கும். வண்டிக்காரர் மூட்டைகளை நகர்த்தி நகர்த்திச் சமநிலை காண்பார். காரிலும் அதே முன்பாரம், பின்பாரம்தான். ஆனால் இங்கே மூட்டை நகராமலே பாரம் நகர்கிறது. பேருந்து சட்டென்று புறப்படும்போது நின்றுகொண்டிருக்கும் நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? காரும் அப்படித்தான் சாயப் பார்க்கிறது. முன்சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறைந்து பின்சக்கரங்களின் மேல் கூடுகிறது. இழுப்பது பின்சக்கரம் என்பதால் இது நன்மை. எவ்வளவு பாரம் மாறும் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு வேகமாக முடுக்கம் பெறுகிறது, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே எவ்வளவு தூரம்.

இரண்டாவது விஷயத்தில்தான் ராம்சார்ஜர்கள் கை வைத்தார்கள். 1400 கிலோ எடையுள்ள கார். அச்சுகளுக்கு நடுவே இரண்டரை மீட்டர். ஈர்ப்பு மையத்தின் உயரம் 50 சென்டிமீட்டர். ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு அது முடுக்கம் பெற்றால் பின்னால் மாறுகிற பாரம் 140 கிலோ. ஈர்ப்பு மையத்தை 80 சென்டிமீட்டருக்கு உயர்த்திவிட்டால் அதே முடுக்கத்தில் 224 கிலோ மாறும். எஞ்சினைத் தொடாமலே, ஒரு மனிதரைத் தூக்கிப் பின் அச்சின் மேல் உட்கார வைத்ததற்குச் சமம். அந்தக் கேலிக்குரிய தோற்றத்தின் பொருள் இதுதான்.

அக்கால டயரை அறியாமல் இந்த ஏற்பாட்டின் அருமையை உணர முடியாது. ஐம்பதுகளில் பலர் பயன்படுத்தியவை பழைய டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி, பள்ளம் வெட்டாமல் வழவழப்பாக விட்டவை. கடினமான ரப்பர், பிடிமானம் குறைவு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ரிஃப்கின் குடும்பத்தார் 'எம் அண்ட் எச்' என்ற பெயரில் இப்பந்தயத்துக்கென்றே டயர் வார்க்கத் தொடங்கியது ஐம்பதுகளின் பிற்பகுதியில். அப்போதும் டயர்கள் ஒல்லியாகவே இருந்தன. பிடிமானம் இல்லாத உலகத்தில் பாரம் ஒன்றே துணை. எனவே காரைத் தூக்கு, மூக்கை உயர்த்து.

அறுபதுகளில் இது ஒரு கலை வடிவமாகவே ஆயிற்று. 'கேஸர்' என்று ஒரு வகுப்பு. பெட்ரோலில் ஓடுகிற, தெருக்காரின் உடலைக் கொண்ட வண்டிகள். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வந்த வில்லிஸ் கார்கள் இதில் பெயர்பெற்றவை. ஸ்டோன், வுட்ஸ், குக் என்ற மூவரின் வில்லிஸும் ஜான் மஸ்மேனியனின் வில்லிஸும் பத்திரிகைகளின் பக்கங்களில் ஒன்றையொன்று சவால் விட்டுக்கொண்டன. முன்புறத்தின் தனித்தனிச் சஸ்பென்ஷனைக் கழற்றி எறிந்துவிட்டு, லாரிகளில் இருப்பதைப் போன்ற நேரான ஒற்றை அச்சை லீஃப் ஸ்பிரிங்குகளின் மேல் பொருத்தினார்கள். முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. சனிக்கிழமை இரவு தெருவில் சுற்றுகிற பையன்களும் தங்கள் கார்களுக்கு அதையே செய்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஈர்ப்பு மையக் கணக்கு தெரியும்? தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. செய்யுளை மனதில் நிறுத்த உதவிய எதுகையும் மோனையும், அச்சு வந்து அந்தத் தேவை ஒழிந்த பிறகும் அழகுக்காகவே நீடிக்கவில்லையா? வடிவங்கள் தங்கள் காரணங்களை விட நீண்ட ஆயுள் உடையவை. தமிழ் கற்பிக்கிறவனுக்கு இந்த வரலாற்றில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் அதுதான்.

நிற்க. காரணம் எப்படி ஒழிந்தது என்பதைப் பார்ப்போம். அறுபதுகளின் நடுவில் டயர்கள் மாறின. அகலமாயின, ரப்பர் மிருதுவாயிற்று, பக்கச் சுவர் மெலிந்தது. புறப்படும்போது பக்கச் சுவர் துணி போலச் சுருங்கி, தரையில் பதிகிற பரப்பு பெருகியது. தடத்தின் மீது பிசின் போன்ற கலவையைத் தெளிக்கும் வழக்கமும் பின்னர் சேர்ந்தது. பிடிமானம் பல மடங்கு உயர்ந்தது.

எங்கள் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது, தேநீர்க் கடையில் கிடைத்த தாளின் பின்புறத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மேலே சொன்ன அதே கார்; எடை முன்னும் பின்னும் சரிபாதி. டயரின் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொண்டால், தாழ்ந்த கார் ஈர்ப்பு முடுக்கத்தில் 0.48 பங்கு வரை பெறலாம். உயர்ந்த கார் 0.54 பங்கு. உயரம் வெல்கிறது. கெழுவை 2 ஆக்கினால் தாழ்ந்த கார் 1.67 பங்கு பெறுகிறது. உயர்ந்த காரோ 1.56 பங்கிலேயே முன்சக்கரங்களை முழுதாகத் தூக்கிவிடுகிறது. அதற்கு மேல் எஞ்சினை விரட்டினால் கார் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் புரளப் பார்க்கும். உயரம் தோற்கிறது. கார் மாறவில்லை, எஞ்சின் மாறவில்லை, ரப்பர் மட்டுமே மாறியது. நேற்றுவரை உண்மையாக இருந்தது அதனாலேயே பொய்யாயிற்று. ராம்சார்ஜர்கள் போட்டது தவறான கணக்கு அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர்களுடைய காலத்தின் ரப்பருக்கு அது முற்றிலும் சரியான கணக்கு. இன்று அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிற நாம் அவர்களை அல்ல, அவர்களுடைய டயரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

பாரத்தைப் பின்னால் தள்ளும் வெறி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 1965ஆம் ஆண்டு சாட்சி. கிரைஸ்லர் அந்த வருடம் சில டாட்ஜ், பிளிமத் கார்களின் பின் அச்சை 15 அங்குலமும் முன் அச்சை 10 அங்குலமும் முன்னால் நகர்த்தியது. உடல் அப்படியே பின்னால் சரிந்தது போன்ற தோற்றம். மூட்டையை நகர்த்த முடியாவிட்டால் சக்கரத்தை நகர்த்து! சங்கம் தன் தொழிற்சாலைப் பிரிவில் அவற்றை ஏற்க மறுத்தது. பார்க்க வேடிக்கையாக இருந்ததால் 'ஃபன்னி கார்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டு, பிற்பாடு ஒரு தனி வகுப்பின் பெயராகவே நிலைத்தது. அதே காலகட்டத்தில் ஒரு சிறிய டாட்ஜ் ஏ-100 பிக்கப் வண்டியின் நடுவே ஹெமி எஞ்சினை வைத்தார்கள். பந்தயத்துக்காகச் செய்யப்பட்ட அது, புறப்பட்டதும் முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு குதிரை போல நின்றது. பந்தயத்துக்கு அது தோல்வி. ஆனால் பில் கோல்டன் என்ற ஓட்டுநர் 'லிட்டில் ரெட் வேகன்' என்ற அந்த வண்டியைப் பின்சக்கரங்களில் நிறுத்தியே கால் மைல் ஓட்டிக் காட்டிப் பல பத்தாண்டுகள் பிழைத்தார். தவறிப்போன சஸ்பென்ஷன் கணக்கு ஒன்று இன்னொரு தொழிலாயிற்று.

கேஸர்களின் கதி அத்தனை இன்பமானது அல்ல. தூக்கிய மூக்கு திரும்பத் தரைக்கு வர வேண்டும். நேரான அச்சுடைய கனத்த முன்பகுதி நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கும்போது, சக்கரம் அணுவளவு திரும்பியிருந்தாலும் கார் தன் பாதையை விட்டுப் பாயும். ஈர்ப்பு மையம் உயரம் என்பதால் உருளவும் எளிது. அறுபதுகளின் இறுதிக்குள் வெல்ல நினைத்தவர்கள் தாழ்ந்த புதிய உடல்களுக்கு மாறிவிட்டார்கள்.

அதுவரை சஸ்பென்ஷனில் மாற்றம் என்றால் ஒருமுறை செய்து பூட்டிவிடுவது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் திருகித் திருத்துவது என்ற எண்ணம் வேறொரு சிக்கலிலிருந்து வளர்ந்தது. எஞ்சினின் சுழற்சி நீண்ட தண்டு வழியாகப் பின் ஆக்சிலுக்கு வருகிறது. அங்கே இரண்டு கேடுகளைச் செய்கிறது. சக்கரத்தைச் சுழற்றுகிற விசையே ஆக்சில் கூட்டை எதிர்ப்பக்கம் திருகுகிறது. அதன் மூக்கு மேலே எழுகிறது. அடுக்குப் பட்டைகளால் ஆன லீஃப் ஸ்பிரிங் பாம்பு போல நெளிந்து, திரும்ப நிமிர்ந்து, மறுபடி நெளிந்து, சக்கரம் தடத்தில் துள்ளத் தொடங்குகிறது. இரண்டாவது கேடு பக்கவாட்டில். தண்டின் சுழற்சி ஆக்சிலின் இடக்கோடியை அழுத்தி வலக்கோடியைத் தூக்கப் பார்க்கிறது. வலது பின்சக்கரம் பாரம் குறைந்து வழுக்குகிறது. சாதாரணக் கார் முழு வேகத்தில் புறப்படும்போது வலது டயர் மட்டும் புகைவது இதனால்தான்.

தொழிற்சாலைக் காரின் வடிவத்தை மாற்றக் கூடாது என்ற விதி இருந்த வகுப்புகளில் இதற்குக் கண்ட மருந்துகள் சுவாரசியமானவை. கிரைஸ்லர் தன் பந்தயக் கார்களுக்கு விற்ற ஸ்பிரிங்குகளில் ஆக்சிலுக்கு முன்னுள்ள பகுதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும், நெளியாதிருக்க. வலது ஸ்பிரிங்கும் இடது ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இருக்கா. ஆக்சிலின் மூக்கின் மேல் ஒரு ரப்பர்க் கட்டை. மூக்கு எழும்பினால் அது தரைத்தகட்டில் முட்டி நிற்கும். அந்தக் கட்டைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைப்பதே ஏழையின் சஸ்பென்ஷன் திருத்தம். செவ்ரோலே, ஃபோர்டு வைத்திருந்தவர்கள் ஸ்பிரிங்குக்கு அடியில் ஓர் இரும்புக் கம்பியைப் பூட்டி, அதன் நுனி ரப்பர் ஸ்பிரிங்கின் முன்காதில் அறையும்படி செய்தார்கள். வலது பக்கச் சுருள் ஸ்பிரிங்குக்குள் ஒரு காற்றுப் பையைச் செருகிக் காற்றடித்துப் பாரத்தைச் சரிக்கட்டியவர்களும் உண்டு. சில டாலர் பொருள். இதை ஒழுங்காகச் செய்தவர், இரு மடங்கு செலவு செய்த எஞ்சின்காரரை முதல் 60 அடியிலேயே பின்தள்ளிவிடுவார். இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. வாங்க முடியாத குதிரைச் சக்தியை ஒரு ஸ்பானரால் ஈடுகட்டிய மனிதர்கள் அவர்கள்.

1970இல் 'ப்ரோ ஸ்டாக்' என்ற வகுப்பு வந்தது. தெருக்காரின் உருவம், ஆனால் உள்ளே ஓரளவு சுதந்திரம். இதன் முதல் பெரும் பெயர் பில் ஜென்கின்ஸ். பென்சில்வேனியாக்காரர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்துப் பாதியில் விட்டவர், வாயில் சுருட்டும் முகத்தில் கடுகடுப்புமாக இருந்ததால் 'கிரம்பி' என்று பெயரெடுத்தவர். 1972இல் சிறிய எஞ்சினுடைய செவ்ரோலே வேகாவைக் கொண்டுவந்து பெரிய எஞ்சின்களைத் தோற்கடித்தார். 1974இல் அவர் செய்த வேகா, இந்த வகுப்பின் எதிர்காலத்தையே எழுதிவிட்டது எனலாம். தொழிற்சாலைச் சட்டகத்துக்குப் பதில் எஃகுக் குழாய்களால் பின்னிய எலும்புக்கூடு. முன்னே ஸ்ட்ரட் வகைச் சஸ்பென்ஷன். உடல் என்பது மேலே போர்த்திய சட்டை மட்டுமே. ராம்சார்ஜர்களின் பிளிமத்துக்கும் இதற்கும் நடுவே 15 ஆண்டுகள்தான். ஒன்று வானத்தைப் பார்க்கிறது. மற்றது தரையைத் தடவுகிறது.

இத்தகைய கார்களின் பின்பக்கத்தை ஆளத் தொடங்கியது நான்கு கம்பி முறை. ஆக்சிலைச் சட்டகத்தோடு இணைக்கும் நான்கு கம்பிகள். பக்கத்துக்கு இரண்டு, ஒன்று மேலே, ஒன்று கீழே. கம்பிகளின் நுனி பூட்டப்படுகிற தகடுகளில் வரிசையாகத் துளைகள். பக்கவாட்டிலிருந்து பார்த்து, மேல்கம்பியையும் கீழ்க்கம்பியையும் மனதால் முன்னோக்கி நீட்டினால் அவை எங்கோ ஓரிடத்தில் சந்திக்கும். அந்த இடத்தில் இரும்பு எதுவும் இல்லை, வெறும் காற்று. ஆனாலும் பின்சக்கரங்கள் அந்தப் புள்ளியைப் பிடித்துத்தான் காரைத் தள்ளுகின்றன. ஒரு துளை மேலே, ஒரு துளை கீழே என்று கம்பியை மாற்றினால் இல்லாத அந்தப் புள்ளி அடிக்கணக்கில் நகர்கிறது.

அந்தப் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்பதே திருத்தக் கலையின் மையம். பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து, முன் அச்சுக்கு நேர் மேலே ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்கு ஒரு கோடு இழுங்கள். புள்ளி இந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால், புறப்படும் கணத்தில் காரின் பின்பக்கம் எழும்பும். எழும்புகிற எதிர்வினையில் டயர் தரையில் அறையப்படும். கோட்டுக்குக் கீழே இருந்தால் பின்பக்கம் உட்காரும். டயருக்குப் பாரம் மெதுவாகப் போய்ச் சேரும். இங்கே பலரும் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. பின்பக்கம் நன்றாக உட்கார்ந்தால் பாரம் நன்றாக மாறிவிட்டது என்று கண் சொல்கிறது. கண் சொல்வது தவறு. மாறுகிற மொத்தப் பாரம் முன்பு சொன்ன மூன்று விஷயங்களால் ஏறக்குறைய தீர்மானமாகிவிடுகிறது. ஸ்பிரிங்கும் கம்பியும் அதை அதிகம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அவை தீர்மானிப்பது அந்தப் பாரம் டயருக்கு எப்போது, எந்த வேகத்தில் வருகிறது என்பதை. கடன்காரர் கொடுக்க வேண்டிய தொகை ஒன்றுதான். ஒரே நாளில் கொடுக்கிறாரா, தவணையில் கொடுக்கிறாரா என்பதே வேறுபாடு.

ஒரே நாளில் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. அறைந்த பந்து எகிறுவது போல, அறையப்பட்ட டயர் அடுத்த கணம் பாரம் இழந்து வழுக்கும். இதைப் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சார்பரின் வேலை. அறுபதுகளில் முன்பக்கத்துக்கு '90/10' என்ற வகையைப் போட்டார்கள். நீள்வது எளிது, சுருங்குவது கடினம். மூக்கு சட்டென்று எழும், மெல்ல இறங்கும். நல்ல டயரும் மிகுந்த வலிமையும் வந்த பிறகு இது முரட்டு மருந்தாகிவிட்டது. மூக்கு கட்டுப்பாடில்லாமல் எழுந்து, ஷாக்கின் நீளம் தீர்ந்து முட்டி, முன்சக்கரங்களையும் இழுத்துக்கொண்டு மேலே போகும். அந்த முட்டலில் பின்டயரின் பாரம் குலையும். எனவே நீள்வதற்கு ஒரு குமிழ், சுருங்குவதற்கு ஒரு குமிழ் என்று தனித்தனியாகத் திருகக்கூடிய ஷாக்குகள் வந்தன. குமிழைத் திருகும்போது 'கிளிக்' என்று ஒலிக்கும். எத்தனை கிளிக் என்பதே பந்தயக்காரர்களின் மொழியில் அளவு.

திருத்துகிற முறைக்கு ஒரு சடங்கின் ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஓட்டுநரை உள்ளே உட்கார வைத்து, நான்கு சக்கரங்களையும் நான்கு தராசுகளில் நிறுத்தி எடை பார்ப்பார்கள். வலது மேல்கம்பியின் நீளத்தை மரையில் சிறிது திருகினாலே வலது பின்சக்கரத்தில் பாரம் கூடும். தண்டின் திருகலுக்கு அது முன்பணம். ஆக்சிலின் மூக்கை இரண்டொரு பாகை கீழ்நோக்கி வைப்பார்கள், அழுத்தம் வரும்போது அது எழுந்து தண்டோடு நேர்கோட்டுக்கு வருவதற்காக. பிறகு கம்பித் துளைகள். பிறகு டயரின் காற்று. கடைசியில்தான் ஷாக். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஓட்டம் முடிந்ததும் 60 அடி நேரத்தையும் தடத்தின் வெப்பத்தையும் குறிப்பேட்டில் எழுதுவார்கள். பின்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள்: டயர் எப்போது நசுங்கியது, எப்போது நிமிர்ந்தது, இடது முன்சக்கரம் முதலில் எழுந்ததா, இரண்டும் சேர்ந்தா? பின்னாளில் ஷாக்கின் நீளத்தை நொடியில் நூற்றுக்கணக்கான தடவை பதிவு செய்யும் கருவிகள் வந்தன. கருவி எதையும் மறக்காது. ஆனால் காலையில் சரியாக இருந்த ஏழு கிளிக், மதிய வெயிலில் தடம் சூடேறியதும் ஏன் வழுக்குகிறது என்பதை ஊகிக்க இன்னும் மனிதர்தான் வேண்டியிருக்கிறது. குறிப்பேடுகளை ஒருவருக்கொருவர் காட்டுவதில்லை. நம் வைத்தியர்கள் சுவடியைக் காட்டாததைப் போலத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. இப்பந்தயத்தின் உச்சியில் இருக்கிற, 11,000 குதிரைச் சக்தியைத் தாண்டிய 'டாப் ஃபியூயல்' வண்டிகளுக்கு ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக்கும் இல்லை. 25 அடி நீளத்துக்கு அச்சுகள் விலகி நிற்கும் அந்த வண்டிகளில் மெல்லிய குழாய்ச் சட்டகமே வளைந்து கொடுக்கிறது. 2008இல் ஒரு விபத்தில் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா இறந்த பிறகு அவற்றின் தூரத்தை 1000 அடியாகக் குறைத்தார்கள். கிளிக் கணக்கும் துளைக் கணக்கும் அவற்றுக்கு அடுத்த படிகளில் இருக்கிறவர்களுக்கு உரியவை. கதவு திறந்து ஏறி உட்காரக்கூடிய உருவத்தை விடாமல் வைத்துக்கொண்டு வேகம் தேடுகிறவர்களுக்கு.

அமெரிக்காவில் இன்றும் பழைய கேஸர்களுக்கென்று தனிப் பந்தயங்கள் நடக்கின்றன. நேரான முன் அச்சு கட்டாயம். மூக்கு உயர்ந்திருக்க வேண்டும். அவற்றின் படங்களில் ஒன்றை அண்மையில் பார்த்தேன். பழைய வில்லிஸ் ஒன்று முன்சக்கரங்களைக் காற்றில் தொங்கவிட்டபடி புறப்படுகிறது. பின்டயரின் பக்கச் சுவர் சுருங்கியிருக்கிறது. 1959இல் எவருக்கும் கிடைக்காத ரப்பர் அது. அந்த ரப்பருக்கு அத்தனை உயரம் தேவையில்லை என்பது ஓட்டுகிறவருக்கும் நிச்சயம் தெரியும். சக்கரத்துக்குப் பின்னால் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், திருகு குமிழோடு கூடிய புதிய ஷாக் அப்சார்பர் ஒன்று தெரிகிறது.